சுறா எண்ணெய் பூசிய லொறி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லொறியின் சக்கரத்தைப் பிடித்துக் காய்த்துப்போன கையில் பேனை நிற்காமல் வழுக்குகிறது. எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற நான் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

அக்கா காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு வாசித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவர்மேல் பாட்டுக் கட்டி, அச்சடித்து, அந்த நாளில் வாசிப்பது வழக்கம். பாட்டுக் கட்டியவர் கெட்டிக்காரர். அக்காவை அன்னம் என்றார், குலவிளக்கு என்றார், அவர் கை பட்டால் கசக்கிற காஞ்சிரங்காயும் கற்கண்டாகும் என்றார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுகிறவன்போல வாயைப் பொத்திக்கொண்டேன். புத்தகம் முடியும்வரை காத்திருந்தேன். லொறியைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

அக்கா எனக்கு உறவில்லை. நான் றைவராக இருந்த லொறியின் முதலாளியுடைய மனைவி. ஊர்காவற்றுறையில் பிறந்து காரைநகரில் வாழ்க்கைப்பட்டவர். நான் அவரை அறிந்த காலத்தில் அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. எனக்கு முப்பது நெருங்கியிருந்தது. நல்ல உயரம். நடந்தால் சீலைத் தலைப்பு பின்னால் பறக்கும். பிள்ளைகள் இல்லை.

அவர் ஒரு வேலையையும் பழகிச் செய்ததில்லை. தெரியாத வேலை என்றால்தான் அவருக்குக் கை துருதுருக்கும். யாரிடமும் கேட்கமாட்டார், பார்த்துப் படிக்கவும் மாட்டார். நேரே கையை வைப்பார். அது கோணலாய்ப் போகும். கோணலாய்ப் போனதை ஒளிக்கமாட்டார். எல்லாருக்கும் காட்டி, "முதல்தரம் எண்டால் இப்பிடித்தான்" என்பார். வெட்கமோ துக்கமோ அந்தச் சொல்லில் இருக்காது. மழை வந்தால் நனையும் என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

ஒருமுறை பேக்கரியில் சுடுகிற பாண் ரொட்டியை வீட்டில் செய்கிறேன் என்று மண்சட்டியில் மாவைப் போட்டு, மேலும் கீழும் நெருப்பு வைத்தார். வெளியே எடுத்தபோது அது அம்மிக் குழவியைப் போல இருந்தது. முதலாளியின் தமக்கை அன்றைக்குப் பார்த்து வந்திருந்தார். வேறு யாராவது என்றால் அதை மாட்டுக்குப் போட்டிருப்பார்கள். அக்கா கத்தியால் வெட்ட முடியாமல் கோடரியால் கொத்தி, சம்பலோடு தட்டில் வைத்து நீட்டினார்.

"இதென்னடி, பல்லுப் போகும் போலை கிடக்கு" என்றார் தமக்கையார்.

"ஊறவைச்சுச் சாப்பிடுங்கோ மச்சாள். முதல்தரம் எண்டால் இப்பிடித்தான்."

"அப்ப ரண்டாம் தரம்?"

"அதை நான் இன்னும் செய்து பாக்கேல்லை."

உண்மைதான். எதையும் இரண்டாம் தரம் செய்து திருத்துகிற பொறுமை அவருக்கு இருந்ததில்லை. அதற்குள் வேறொரு முதல்தரம் வந்துவிடும். முதலாளியின் குடைக்கம்பி முறிந்தபோது அவரே கம்பி கட்டித் திருத்தினார். அதற்குப் பிறகு அந்தக் குடை மூடவில்லை. விரித்தபடியே வாசல் மூலையில் கிடந்தது. மழை நாளில் அதைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். திரும்பி வந்து வாசற்படியில் பக்கவாட்டில் சரித்து, கன்றை உள்ளே தள்ளுகிற மாதிரி அதை உள்ளே தள்ளுவார். "மூடாட்டில் என்ன, விரியுதெல்லே" என்பார்.

இனி லொறிக்கு வருகிறேன்.

முதலாளிக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் இரும்புச் சாமான் கடை இருந்தது. ஆணி, பூட்டு, பெயின்ற் எல்லாம் விற்பார். நான் அந்தக் கடையின் லொறியை ஓட்டினேன். இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்னர், ஒரு கூட்டாளியை நம்பி அவர் கெட்டார். கடை முறிந்தது. மிஞ்சியது லொறி மட்டும். அவரைப் பக்கத்தில் இருத்தி நானே ஊருக்கு ஓட்டி வந்தேன். வழி நெடுக அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் பேசுகிற ஆள் இல்லை. காரைநகருக்குள் வருகிற பொன்னாலைப் பாலத்தில் ஏறப்போகும்போது, "இருட்டினாப் பிறகு போவம்" என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலேயே பொழுது படும்வரை நிறுத்தி வைத்திருந்தேன்.

இருட்டில் வந்து சேர்ந்தாலும் விடிந்ததும் லொறி கண்ணுக்குத் தெரியத்தானே செய்யும். நீல நிற லொறி. இரண்டு பக்க இரும்புத் தகட்டிலும் முழ உயர மஞ்சள் எழுத்தில் கடையின் பெயர். தகப்பன் பெயரும் தன் பெயரும் சேர்த்து அவர் வைத்த பெயர். ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் அந்த எழுத்துகளுக்கு மேலே புதிதாக மஞ்சள் பூசுவிப்பார். அப்படிப் பூசிப் பூசி எழுத்துகள் தடித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் வாசிக்கலாம் போல எழும்பி நின்றன.

லொறியை வீட்டு வளவுக்குள் பூவரச மரத்தின் கீழ் விட்டோம். வேலிக்கு மேலால் அது தெரியும். பக்கத்தில்தான் பள்ளிக்கூடம். எழுத்துக் கூட்டப் பழகுகிற பிள்ளைகளுக்கு அது நல்ல பாடமாய்ப் போயிற்று. காலையும் மத்தியானமும் வேலிக்கு வெளியே நின்று, ஒவ்வோர் எழுத்தாய்க் கூட்டி, கடைசியில் முழுப் பெயரையும் சேர்த்துச் சத்தமாய்ச் சொல்வார்கள். பிள்ளைகள் பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அறைக்குள் இருக்கிற முதலாளிக்கு அது கேட்கும்.

முதலாளி பகலில் வெளியே வருவதை விட்டார். விடிவதற்கு முன் கிணற்றடிக்குப் போவார். பிறகு அறைதான். தெருப் பக்கத்து யன்னல் திறப்பதில்லை. சாப்பாட்டை அக்கா உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பார்; சோற்றுக் கோப்பை பாதியோடு திரும்பி வரும். லொறியை விற்கவும் சொல்லவில்லை, ஓட்டவும் சொல்லவில்லை. நான் நாள்தோறும் போய் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு வருவேன். ஒரு நாள் அக்கா குசினிப் பக்கத்திலிருந்து வந்து லொறிக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, உந்தப் பேரை அழிக்காமல் அவர் வெளியிலை வரமாட்டார்."

"யாழ்ப்பாணத்திலை பெயின்ற் அடிக்கிற ஆள் இருக்கிறார் அக்கா. கொண்டு போவம்."

"எப்பிடிக் கொண்டு போவீர்? மூளாய், வட்டுக்கோட்டை எல்லாம் அந்தப் பேரைச் சுமந்துகொண்டோ? வழி வழிய வாசிப்பினம். அவர் அதுக்கு விடுவாரோ?"

முதலில் தென்னோலையில் பின்னிய கிடுகு கட்டி மறைத்தார். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று அதைப் பிய்த்துக்கொண்டுபோய் அடுத்த வளவில் போட்டது. அடுத்த நாள், "நானே அடிக்கிறன்" என்றார். எனக்குப் பாணும் குடையும் ஞாபகத்துக்கு வந்தன. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவின் தகப்பன் வத்தை வைத்திருந்தவர். அந்தப் பாய்க்கப்பலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சுறா எண்ணெயில் காவி கலந்து பூசுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து நின்றது ஒன்றுதான் அக்காவுக்கு இருந்த பெயின்ற் அறிவு. ஊர்காவற்றுறைக்குப் பாதை என்கிற மிதவைப் படகில் போய், பிறந்த வீட்டில் கிடந்த ஒரு சாடி சுறா எண்ணெயோடு வந்து இறங்கினார். துறையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"அக்கா, லொறிக்கு உது சரிவருமோ?" என்று கேட்டேன். அவ்வளவும் கேட்டதே எனக்குப் பெரிய காரியம்.

"அப்பற்ரை வத்தை உதைப் பூசிக்கொண்டு பர்மா வரைக்கும் போய் வந்தது. உந்த லொறி பொன்னாலைப் பாலம் தாண்டாதோ?"

தேங்காய்ப் பொச்சை நசுக்கித் தும்பாக்கி, தடியில் கட்டிப் பெயின்ற் பூசுகிற பிறஸ் செய்தார். காவிக்கல்லை அம்மியில் அரைத்து எண்ணெயில் குழைத்தார். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று அடிக்கத் தொடங்கினார். கழுவவில்லை, சுரண்டவில்லை. ஊத்தைக்கு மேல், நீலத்துக்கு மேல், மஞ்சள் எழுத்துக்கு மேல், ஒரே காவி. கண்ணாடியிலும் பூசினார், சக்கரத்திலும் பூசினார். நான் மறுபக்கத்தில் நின்று எனக்குத் தெரிந்த அளவு பூசினேன்.

தமக்கையார் வந்து வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொம்பிளை லொறிக்குப் பெயின்ற் அடிக்கிறதை இப்பதான் பாக்கிறன்."

"நானும் இப்பதான் பாக்கிறன் மச்சாள்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வளவு முழுக்கச் சுறா மணக்குது. உனக்கு என்ன விசரோ?"

"வெள்ளிக்கிழமை மணக்கத்தானே செய்யும். சாப்பிட்டால்தானே பாவம்."

அன்று பொழுது படும்போது லொறி முழுவதும் சிவப்பாய் நின்றது. அக்கா கையை உதறிக்கொண்டு எட்ட நின்று பார்த்தார். எழுத்து இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. "நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவன்" என்றார்.

அடுத்த நாள் அது காயவில்லை. அதற்கு அடுத்த நாளும் காயவில்லை. விரலை வைத்தால் விரலோடு வந்தது. சோளகம் தெருப் புழுதியையும் வைக்கோல் தும்பையும் வாரிக்கொண்டு வந்து அதன்மேல் அப்பியது. ஈக்கள் ஒட்டின. தடித்த எழுத்துகளின் மேலிருந்து எண்ணெய் மெல்ல வழிந்து கரையில் தேங்க, தேங்கிய இடத்தில் புழுதி பிடிக்க, ஒவ்வோர் எழுத்தையும் சுற்றிக் கறுப்புக் கரை கட்டியது. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது அந்தப் பெயர் முன்னைவிடப் பெரிதாய், முன்னைவிடத் தெளிவாய் நின்றது. போதாக்குறைக்கு ஊரில் உள்ள பூனைகள் எல்லாம் வந்து ஏறியிருந்தன. மட்காட்டில் ஒன்று, ஏறுபடியில் ஒன்று, கூரையில் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு லொறியை நக்கின.

அக்கா விளக்குமாற்றால் அடித்தார். ஒன்று குதித்தால் இரண்டு ஏறின. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் வந்தார்கள்.

"டேய், எழுத்துச் சிவப்பாகிட்டுதடா!" என்று ஒருவன் கத்தினான். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து கூட்டி வாசித்தார்கள். இந்த முறை பாட்டுப் போல இழுத்து வாசித்தார்கள்.

அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டார். அவர் கை தளர்ந்து நின்றதை நான் கண்டது அந்த ஒரு முறைதான். "ஐயோ தம்பி, அவற்ரை வெக்கத்தை இன்னும் கூட்டிப்போட்டன்" என்றார். முதல்தரம் என்ற சொல் வரவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது.

முதலாளி வெளியே வந்தார். தாடி வளர்ந்து நெஞ்சைத் தொட்டது. வெயிலில் கண் கூசியது. வாசல் மூலையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்திருந்தார் போல. அது அந்த மூடாத குடை. அதை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டிக்கொண்டு, "சூய்! சூய்!" என்று லொறியை நோக்கி ஓடினார். அவ்வளவு பெரிய கறுப்பு வட்டம் பாய்ந்து வருவதைக் கண்டு பூனைகள் நாலு பக்கமும் தெறித்தன. பிள்ளைகளும் தெறித்தார்கள்.

முதலாளி லொறிக்கு முன்னால் குடையோடு நின்றார். தன் பெயரைப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டு மூக்கடியில் பிடித்தார்.

"இஞ்சாரும், இதென்ன?"

"பெயின்ற்."

"இது பெயின்ற் இல்லை. இது சுறா."

"அப்பற்ரை வத்தைக்கு உதுதானே பூசினது."

"வத்தை மரம். மரம் எண்ணெயைக் குடிக்கும். இரும்பு குடிக்குமோ?"

"குடிக்காது எண்டு இப்பதான் தெரியுது."

"இருவது வரியமாய் நான் பெயின்ற் வித்தனான். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லே?"

"கேக்கிறதெண்டால் நீங்கள் கதவைத் திறக்க வேணுமெல்லே?"

முதலாளியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பினேன். சிரிப்புத்தான். கொஞ்சத்துக்குப் பிறகு இரண்டும்தான் என்று தெரிந்தது. அக்கா பக்கத்தில் போய்க் குடையை வாங்கிக்கொண்டு, "முதல்தரம் எண்டால் இப்பிடித்தான்" என்றார், மிக மெல்ல.

"முதல் சுரண்ட வேணும்" என்றார் முதலாளி. "சுரண்டாமல் எதைப் பூசினாலும் பழசு மேலை வரும். தம்பி, உடைஞ்ச போத்தில் ஏதும் கிடக்கோ பார்."

சாம்பலும் மணலும் போட்டு லொறியைத் தேய்த்துக் கழுவினோம். எழுத்துகளைச் சுரண்ட எங்கள் இருவரையும் அவர் விடவில்லை. தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, வாங்கில் இருந்து, கண்ணாடிப் போத்தில் துண்டால் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிச் சுரண்டி வந்தார். தன் பெயரைக் கெதியாய்ச் சுரண்டினார். தகப்பன் பெயருக்கு வந்தபோது அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் குந்தினார். முதலாளி மெல்ல மெல்லச் சுரண்டினார். மஞ்சள் தூள் அவர் மடியெல்லாம் விழுந்தது.

பிள்ளைகள் பயந்து பயந்து மீண்டும் வேலிக்கு வந்தார்கள். முதலாளி ஒருவனைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வா. என்ன எழுதியிருக்கு? வாசி பாப்பம்."

அவன் வாயை அசைத்துப் பார்த்தான். "ஒண்டும் விளங்கேல்லை ஐயா."

"நல்லது. ஓடு."

பிறகு நான் சைக்கிளில் யாழ்ப்பாணம் போய்ப் பச்சைப் பெயின்றும் ஆளிவிதை எண்ணெயும் வாங்கி வந்தேன். முதலாளி கலந்து கொடுத்தார். அடித்தது அக்காதான். பிறஸைத் தா என்று முதலாளி கேட்கவில்லை. "மெல்லிசாய் இழும், மெல்லிசாய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மெல்லிசாய் இழுக்கிற ஆளா? மெழுகுதிரி உருகின மாதிரி பெயின்ற் வழிந்து அப்படியே காய்ந்தது. முதலாளி அந்த வழிசல்களைத் தடவிப் பார்த்து, "பரவாயில்லை, மழைத்தண்ணி ஓட வாய்க்கால் வெட்டி விட்டிருக்கிறீர்" என்றார்.

ஊரில் சிலர், முதலாளியை வெளியே கொண்டுவர அக்கா வேண்டுமென்றே சுறா எண்ணெய் பூசினார் என்று பின்னாளில் கதைத்தார்கள். அவருடைய கெட்டித்தனம் என்று புகழ்ந்தார்கள். நான் கிட்ட நின்றவன். அது பொய். அக்காவுக்கு உண்மையாகவே தெரியாது. அவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நின்ற நிலையை அவர்கள் காணவில்லை.

பச்சை காய்ந்த ஒரு நாள் காலை, வெயில் ஏறின நேரத்தில், முதலாளி சட்டை போட்டுக்கொண்டு வந்து முன் ஆசனத்தில் ஏறினார். அக்காவும் ஏறினார். லொறியில் ஏறுவது அவருக்கு முதல்தரம். நான் புறப்பட்டதும் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். சந்தைக்கு முன்னால் போகும்போது வேகமாய் எடுக்கட்டுமா என்று கேட்க நினைத்து முதலாளியைப் பார்த்தேன். அவர், "மெல்லப் போ" என்றார். கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒருவர் கையைத் தூக்கினார். முதலாளியும் தூக்கினார்.

அதன்பிறகு அந்த லொறியில் நாங்கள் சுண்ணாம்புக்கல்லும் புகையிலையும் ஏற்றினோம். பக்கத்தில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டவர்களுக்கு, ஒன்றும் வேண்டாம் என்றார் முதலாளி. ஆனாலும் பெயர் வந்தது. எவ்வளவு கழுவியும் பொருத்துகளுக்குள் போன சுறா எண்ணெய் போகவில்லை. மழை பெய்தால் மணக்கும். ஊரார் அதைச் சுறா லொறி என்றார்கள். தூரத்தில் வரும்போதே பிள்ளைகள் அப்படிக் கத்துவார்கள். முதலாளி யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரிப்பார். அக்கா சொல்வார்: "பாத்தீங்களே, எழுதாமலே வாசிக்குதுகள்."

கல்வெட்டு வாசித்து ஒரு கிழமை கழித்து முதலாளியைப் பார்க்கப் போனேன். குசினியிலிருந்து புகை வந்தது. எட்டிப் பார்த்தேன். வாழ்நாளில் அடுப்படிக்குப் போகாத மனுசன், கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பு ஊதினார். தமக்கையார் சாப்பாடு அனுப்புவதாகச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாராம்.

"இரும், சாப்பிட்டுப் போகலாம்" என்றார். அதுவரை என்னை நீ என்றே கூப்பிட்டவர்.

இரண்டு கோப்பையில் சோறு போட்டார். அடிச்சோறு கரி. நடுச்சோறு களி. மேற்சோறு அரிசி. பருப்பில் உப்பு இல்லை. நான் ஒரு வாய் வைத்தேன். அவர் தன் கோப்பையைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் மூலையில் அந்தக் குடை விரித்தபடி கிடந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு வராது. ஆனால் அந்தச் சொல் தானாய் வந்தது.

"முதல்தரம் எண்டால் இப்பிடித்தான் முதலாளி."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கோப்பையை இழுத்து வைத்துச் சாப்பிடத் தொடங்கினார். நாங்கள் இரண்டு பேரும் கரியையும் மிச்சம் விடவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போய்ப் பேனையும் தாளும் வாங்கினேன். எழுத உட்கார எனக்கு ஒரு மாரிக்காலம் போயிற்று.

எழுதி முடித்தது,
காரைநகர், 1949ஆம் ஆண்டு பங்குனி மாதம் ஒன்பதாந் திகதி.